இங்கிலாந்துக் கால்பந்து அகாடமியில் பிள்ளை: பெற்றோருக்கான வழிகாட்டி

ஹாரோவிலோ ஈஸ்ட்ஹாமிலோ ஞாயிற்றுக்கிழமைக் காலையில் நடக்கும் சிறுவர் ஆட்டம் ஒன்றை, பெரிய கழகத்தின் சின்னம் பொறித்த மேலங்கியுடன் ஓரமாக நின்று பார்த்த ஒருவர், ஆட்டம் முடிந்ததும் அணியின் பயிற்றுநரிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு, உங்கள் மகனைப் பயிற்சிக்கு அழைத்துவர முடியுமா என்று கேட்கிறார். பத்து ஆண்டுகளுக்கு மேல் நீளக்கூடிய ஒரு பாதை அங்கே தொடங்குகிறது. பிள்ளை எவ்வளவு கெட்டிக்காரன் என்பதைப் பற்றி வீட்டில் நிறையப் பேசப்படும். கழகம் எந்த வயதில், எந்த மாதத்தில், எதை வைத்து முடிவெடுக்கும் என்பதைப் பற்றி அநேகமாக யாரும் பேசுவதில்லை. இந்த வழிகாட்டி அந்த முடிவுகளைப் பற்றியது. அகாடமி எனப்படும், கழகத்தின் இளையோர் பயிற்சிப் பிரிவில் சேரும் சிறுவர்களில் மிகப் பெரும்பாலோர் தொழில்முறை ஆட்டக்காரர் ஆவதில்லை. ஆகவே முடிவு நாட்களை முன்கூட்டியே தெரிந்துகொண்டு, ஒவ்வொன்றுக்கும் முன்னதாகவே மாற்று வழியையும் யோசித்து வைத்திருக்கும் குடும்பமே இதில் ஓரளவு நிம்மதியாக இருக்கிறது.

அமைப்பு எப்படி இயங்குகிறது

இன்றைய அகாடமி முறை, 2012இல் நடைமுறைக்கு வந்த எலைட் பிளேயர் பெர்ஃபார்மன்ஸ் பிளான் என்னும் திட்டத்தின்மீது நிற்கிறது. பயிற்சி நேரம், முழுநேரப் பணியாளர் எண்ணிக்கை, மைதான வசதி, கல்வி ஏற்பாடு ஆகியவற்றைத் தணிக்கை செய்து, கழகங்களின் அகாடமிகளை அது ஒன்று முதல் நான்கு வரை தரம் பிரிக்கிறது. முதல் தரத்தில் இருப்பவை செலவு மிகுந்த பெரிய அகாடமிகள். நான்காம் தரத்தில் இருப்பவை சிறு வயதினரைச் சேர்க்காமல், மற்ற கழகங்கள் விடுவித்த 16 வயதுக்கு மேற்பட்டவர்களை எடுத்து வளர்ப்பவை. வயதைப் பொறுத்து மூன்று கட்டங்கள் உண்டு: 9 முதல் 11 வயதுப் பிரிவுகள் வரை அடித்தளக் கட்டம், 12 முதல் 16 வரை இளையோர் வளர்ச்சிக் கட்டம், 17 முதல் 21 வரை தொழில்முறைக் கட்டம். முதல் தர அகாடமியில் கீழ்க் கட்டத்துப் பிள்ளைக்கு வாரத்துக்கு 4 முதல் 8 மணி நேரம் பயிற்சி இருக்கும். வயது கூடக்கூட அது இரட்டிப்பாகும்.

தர எண்ணைப் பார்த்து மயங்க வேண்டியதில்லை. இங்கிலாந்து அணிக்கு ஆடிய ஓலி வாட்கின்ஸ், சிறிய கழகமான எக்ஸிட்டர் சிட்டியின் பிள்ளை. ஜூட் பெல்லிங்ஹாம் எட்டு வயதுக்குள் பர்மிங்ஹாம் சிட்டியில் சேர்ந்து, 2019 ஆகஸ்டில் 16 வயதிலேயே அதன் மூத்த அணிக்கு ஆடி, அடுத்த ஆண்டு ஜெர்மனியின் டார்ட்மண்ட் கழகத்துக்குச் சென்றார். சிறிய கழகம் பணத்தட்டுப்பாட்டினாலேயே தன் இளைஞர்களை மைதானத்தில் இறக்குகிறது. பெரிய கழகத்திலோ அதே இடத்துக்குப் பல கோடி பவுண்டு விலையுள்ள ஒருவர் வந்து அமர்ந்துவிடுவார். எனவே அகாடமியின் தரத்தைக் கேட்கும் அதே மூச்சில், கடந்த சில ஆண்டுகளில் இங்கிருந்து மூத்த அணிக்குப் போனவர்கள் யார், எத்தனை ஆட்டம் ஆடினார்கள், விடுவிக்கப்பட்டவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்குத் தெளிவாகப் பதில் சொல்லும் அகாடமியை நான் கூடுதலாக நம்புவேன்.

இவ்வளவு செலவு செய்து கழகங்கள் ஏன் பிள்ளைகளை வளர்க்கின்றன என்பதும் பெற்றோருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இங்கிலாந்தின் உச்ச லீகான பிரீமியர் லீகில் 25 பேர் கொண்ட பட்டியலில், உள்நாட்டில் வளராத ஆட்டக்காரர்கள் 17 பேருக்கு மேல் இருக்கக்கூடாது; 21 வயதுக்கு முன் மூன்று பருவங்கள் இங்கிலாந்திலோ வேல்ஸிலோ உள்ள கழகத்தில் பதிவாகியிருந்தவரே உள்நாட்டில் வளர்ந்தவராகக் கணக்கிடப்படுவார். அதற்கும் மேலாக, அகாடமியில் வளர்ந்தவரை விற்றால் வரும் தொகை முழுவதும் கணக்கேட்டில் லாபமாக நிற்கிறது. 2023இல் கோல் பால்மரை மான்செஸ்டர் சிட்டி செல்சீக்கு விற்றதையும், 2024இல் கானர் கேலகரைச் செல்சீ அட்லெடிகோ மாட்ரிட்டுக்கு விற்றதையும் இந்தக் கணக்கோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். உங்கள் பிள்ளைமீது அங்குள்ள பயிற்றுநர் காட்டும் அன்பு உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அவனைப் பற்றிய முடிவு வேறொரு மேசையில், வேறொரு கணக்கின்படி எடுக்கப்படுகிறது.

சேர்வதற்கு முன்

ஒன்பது வயதுக்கு உட்பட்டோர் பிரிவு தொடங்கும் வரை எந்தக் கழகமும் பிள்ளையை முறைப்படி பதிவு செய்ய முடியாது. அதற்கு முந்தைய வயதில் நடப்பவை முன்னோட்டப் பயிற்சிகள். அப்போது ஒன்றுக்கு மேற்பட்ட கழகங்களுக்குப் போய்ப் பார்க்கலாம், போய்ப் பார்க்கவும் வேண்டும். அவசரப்படுத்தும் கழகத்திடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள்.

இங்கே பல குடும்பங்கள் குழம்பும் இடம் ஒன்று உண்டு. கழகத்தின் பெயரிலும் சின்னத்திலும் கட்டணம் வாங்கிக்கொண்டு நடத்தப்படும் விடுமுறைப் பயிற்சிகளும் வாராந்தரப் பயிற்சி மையங்களும் அகாடமி அல்ல. அங்கே பிள்ளை சட்டை போட்டுக்கொண்டு படம் எடுத்துக்கொள்வதில் தவறில்லை. ஆனால் அதை அகாடமி என்று உறவினர்களிடம் சொல்லிவிட்டால் பிறகு பிள்ளைதான் சங்கடப்படும். உண்மையான அகாடமி பயிற்சிக்கோ, ட்ரையல் எனப்படும் தேர்வுப் பயிற்சிக்கோ பெற்றோரிடம் பணம் கேட்பதில்லை. ஒருவர் பணம் கேட்டுக்கொண்டு ட்ரையல் வாங்கித் தருவதாகச் சொன்னால், உரையாடலை அங்கேயே நிறுத்திவிட்டு, கழகத்தின் அலுவலக எண்ணுக்கு நீங்களே அழைத்து, அந்தப் பெயரில் அங்கே யாரும் பணியாற்றுகிறாரா என்று கேளுங்கள்.

ட்ரையல் சில வாரங்கள் நடக்கும். அந்த வாரங்களில் உங்கள் வீட்டின் நடைமுறையையும் சோதித்துப் பாருங்கள். வாரத்தில் மூன்று மாலை, வார இறுதியில் ஒரு ஆட்டம், அதில் பாதி வெளியூரில் என்றால், சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி, தங்கையின் நடன வகுப்பு, இரவுப் பணிக்குப் போகும் தந்தையின் தூக்கம் ஆகியவற்றில் எது விட்டுக்கொடுக்கப்படும் என்பதை இப்போதே பேசித் தீர்மானிக்க வேண்டும். இந்தத் திட்டம் தொடங்கியபோது, வீட்டிலிருந்து அகாடமிக்குச் செல்லும் நேரம் 9 முதல் 11 வயதுப் பிரிவினருக்கு ஒரு மணிக்குள்ளும் 12 முதல் 16 வரை ஒன்றரை மணிக்குள்ளும் இருக்க வேண்டும் என்று விதி வைத்ததற்குக் காரணம் உண்டு: காரின் பின்னிருக்கையில் இரவுச் சாப்பாடும் வீட்டுப்பாடமும் முடிக்கும் பிள்ளை மறுநாள் பள்ளியில் தூங்கிவிழும். எம்25 சாலையின் மாலை நெரிசலைச் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

பதிவில் கையெழுத்திட்ட பிறகு பிள்ளை தன் பழைய ஞாயிறு அணிக்கு ஆட முடியாது. பள்ளி அணிக்கு ஆடுவதற்கும் கழகத்தின் சம்மதம் தேவைப்படும். நண்பர்களோடு ஆடும் அந்த மகிழ்ச்சியைப் பிள்ளை விட்டுவிட்டு வருகிறது என்பதைப் பெரியவர்கள் குறைத்து மதிப்பிடுகிறார்கள்.

9 முதல் 11 வரை

இந்த வயதில் பதிவு ஒரு பருவத்துக்கு மட்டுமே. ஒவ்வொரு ஆண்டும் பருவம் முடியும் தறுவாயில் கழகம் தொடரலாமா வேண்டாமா என்று சொல்லும். இப்போது விடுவிக்கப்படுவது பிள்ளையின் திறமையைப் பற்றிச் சொல்வது மிகக் குறைவு. ஹாரி கேன் ஆர்சனலில் ஒரு பருவம் இருந்துவிட்டுச் சிறு பிள்ளையாகவே அனுப்பப்பட்டவர்தான். பிறகு டாட்டன்ஹாமில் வளர்ந்து, மூத்த அணியில் நிலைபெறுவதற்கு முன் லெய்டன் ஓரியண்ட், மில்வால், நாரிச், லெஸ்டர் என நான்கு கழகங்களுக்கு லோனில், அதாவது தற்காலிக இரவலாக, சென்று ஆடினார்.

இந்தக் கட்டத்தில் பெற்றோர் செய்ய வேண்டியது மிகக் குறைவே. பக்கவாட்டில் நின்று கத்தாதிருப்பது அதில் முதன்மையானது. திரும்பி வரும் வழியில் ஆட்டத்தைப் பற்றி நீங்களாகப் பேச்செடுக்காதிருப்பது அடுத்தது. பிள்ளையே பேசினால் கேளுங்கள்.

12 முதல் 16 வரை: நீண்டதும் கடினமானதுமான கட்டம்

பன்னிரண்டு வயதுக்கு மேல் பதிவுகள் பெரும்பாலும் இரண்டிரண்டு ஆண்டுகளுக்கு அமையும். அதாவது ஒவ்வோர் ஆண்டும் பயந்து நிற்க வேண்டியதில்லை. ஆனால் முடிவு வரும் ஆண்டின் கனம் கூடுகிறது. கழகம் பிள்ளையின் பயிற்சி, ஆட்டம், காயம், மருத்துவம் ஆகியவற்றைப் பெர்ஃபார்மன்ஸ் கிளாக் எனப்படும் பதிவேட்டில் வைத்திருக்கிறது. குறிப்பிட்ட இடைவெளிகளில் மதிப்பீட்டுக் கூட்டமும் நடக்கும். அந்தக் கூட்டங்களுக்கு அப்பாவோ அம்மாவோ தவறாமல் போக வேண்டும். "நன்றாகச் செய்கிறான்" என்னும் பதிலோடு திரும்பி வராதீர்கள். எந்த இடத்தில் ஆட வைப்பதாக எண்ணுகிறார்கள், அதே இடத்துக்கு அவனுடைய வயதுப் பிரிவில் எத்தனை பேர் இருக்கிறார்கள், அடுத்த முடிவு நாளுக்குள் அவனிடம் எந்த மாற்றத்தை எதிர்பார்க்கிறார்கள் என்று கேட்டு, பதிலை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த கூட்டத்தில் அதே தாளை எடுத்து வையுங்கள். அதற்குப் பிறகு பதில்கள் தெளிவாக வரும்.

உடல் வளர்ச்சி இந்தக் கட்டத்தில் எல்லாவற்றையும் குழப்புகிறது. இங்கிலாந்தில் வயதுப் பிரிவு செப்டம்பர் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை கணக்கிடப்படுவதால், செப்டம்பரில் பிறந்த பிள்ளையும் அடுத்த ஆகஸ்டில் பிறந்த பிள்ளையும் ஒரே அணியில் நிற்கிறார்கள். அகாடமிகளில் செப்டம்பர் முதல் நவம்பர் வரை பிறந்தவர்கள் மிகுதியாகவும் கோடையில் பிறந்தவர்கள் குறைவாகவும் இருப்பது நெடுங்காலமாக அறியப்பட்ட சாய்வு. இதன்மேல் பருவ வளர்ச்சியின் வேறுபாடும் சேர்கிறது. பதின்மூன்று வயதில் மீசை அரும்பியவனும், குரலே உடையாதவனும் ஒரே பந்துக்கு மோதும்போது வெல்வது யார் என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் பதினெட்டு வயதில் அந்த வேறுபாடு மறைந்துவிடும். இதனால்தான் பல அகாடமிகள் பிறந்த தேதியை விட்டுவிட்டு உடல் முதிர்ச்சியின்படி அணி பிரித்துப் பயோபேண்டிங் ஆட்டங்களை நடத்துகின்றன. பெற்றோர் இருவரின் உயரத்தையும் கழகம் கேட்பது இதற்காகவே: பிள்ளையின் இன்றைய உயரம், எடையோடு அதைச் சேர்த்து, வளர்ந்தபின் எட்டக்கூடிய உயரத்தில் இப்போது எத்தனை விழுக்காடு எட்டியிருக்கிறான் என்று கணிக்கிறார்கள். உயரத்தைக் கூட்டிச் சொல்லும் தகப்பன்மார் இருக்கிறார்கள். அப்படிச் சொன்னால் பிள்ளை தாமதமாக வளர்பவன் என்ற தவறான கணிப்பு வரும், யாருக்கும் பயனில்லை.

வேகமாக வளரும் மாதங்களில் முழங்காலுக்குக் கீழும் குதிகாலிலும் வலி வருவது வழக்கம். அணியில் இடம் போய்விடும் என்று பிள்ளை அதை மறைக்கும். வலியைக் கழகத்தின் மருத்துவப் பணியாளரிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். ஓய்வு எடுத்த ஆறு வாரத்தால் எந்தப் பிள்ளையின் வாழ்க்கையும் முடிந்ததில்லை, மறைத்து ஆடிய காயத்தால் முடிந்ததுண்டு.

பள்ளிப் படிப்பைப் பற்றி நம் குடும்பங்களில் அதிகம் சொல்ல வேண்டியதில்லை என்றாலும், ஒரு எச்சரிக்கை தேவை. பெரிய அகாடமிகள் பிள்ளையை வாரத்தில் ஒருநாளோ அதற்கு மேலோ பள்ளி நேரத்திலேயே பயிற்சிக்கு அழைக்கும் கலப்பு முறையையும், அகாடமியோடு இணைந்த பள்ளிக்கே முழுமையாக மாற்றும் முறையையும் வைத்திருக்கின்றன. கலப்பு முறை என்றால், தவறும் பாடங்களை யார், எங்கே, எப்போது சொல்லித் தருவார்கள் என்று எழுத்தில் பெறுங்கள். பள்ளியையே மாற்றுவதென்றால், நடுவில் கழகம் விடுவித்தால் பிள்ளை அதே பள்ளியில், 16 வயதில் எழுதும் ஜிசிஎஸ்இ தேர்வு வரை தொடர முடியுமா என்பதே முதல் கேள்வி.

இன்னொன்றையும் இங்கேயே சொல்ல வேண்டும். 1970கள் முதல் இங்கிலாந்துக் கால்பந்தில் சிறுவர்கள்மீது நடந்த பாலியல் வன்முறைகள் 2016இல் வெளியே வந்தன. கிளைவ் ஷெல்டன் தலைமையிலான விசாரணையின் அறிக்கை 2021 மார்ச்சில் வெளியானது. இன்று ஒவ்வொரு கழகத்திலும் பிள்ளைகளின் பாதுகாப்புக்கெனப் பொறுப்பாளர் ஒருவர் இருக்கிறார். அவருடைய பெயரையும் எண்ணையும் முதல் நாளே வாங்கிக்கொள்ளுங்கள். பயிற்றுநர் எவரும் பிள்ளைக்குத் தனியாகக் குறுஞ்செய்தி அனுப்பவோ தனியாகக் காரில் அழைத்துச் செல்லவோ கூடாது. மரியாதை கருதி இதைக் கேட்கத் தயங்குவது நம்மவர் வழக்கம்; இந்த ஒரு விஷயத்தில் அந்தத் தயக்கம் வேண்டாம்.

பதினாறாம் வயது: ஸ்காலர்ஷிப்

பாதையின் பெரிய கதவு இது. 16 வயதுப் பிரிவின் பருவத்தில், டிசம்பர் இறுதிக்குள், கழகம் ஸ்காலர்ஷிப் தருகிறதா இல்லையா என்று தெரிவிக்க வேண்டும். நன்றாக ஆடும் சிலருக்கு இதற்கு ஓராண்டு, ஈராண்டு முன்பே உறுதி கிடைத்துவிடும். ஸ்காலர்ஷிப் என்பது வழக்கமாக இரண்டு ஆண்டுகள். முழுநேரப் பயிற்சி, சிறு ஊதியம், கட்டாயப் படிப்பு ஆகிய மூன்றும் அதில் உண்டு. பிரீமியர் லீகுக்குக் கீழுள்ள ஈஎஃப்எல் கழகங்களில் அந்தப் படிப்பையும் நலனையும் லீக் ஃபுட்பால் எஜுகேஷன் என்னும் அமைப்பு கவனிக்கிறது.

டிசம்பரில் "இல்லை" என்று வந்தால், அதே பிள்ளை அடுத்த மே மாதம் ஜிசிஎஸ்இ எழுத உட்கார வேண்டும் என்பதை எண்ணிப் பாருங்கள். எனவே பத்தாம் வகுப்பின் முடிவிலேயே கல்லூரிகளையும் ஆறாம் படிவப் பள்ளிகளையும் பார்த்துவைத்து, ஸ்காலர்ஷிப் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் விண்ணப்பங்களை அனுப்பிவிடுங்கள். ஸ்காலர்ஷிப் கிடைத்தவருக்கும் இது பொருந்தும்: கழகம் வழக்கமாக வழங்கும் பிடெக் (BTEC) என்னும் தொழிற்கல்விப் படிப்போடு ஓரிரு ஏ லெவல் பாடங்களையும் சேர்த்துப் படிக்க வழி உண்டா என்று கேளுங்கள். கேட்டால் ஏற்பாடு செய்யும் கழகங்கள் உண்டு. கேட்காதவருக்கு யாரும் வலிந்து தரமாட்டார்கள்.

ஏஜென்ட்கள் வீட்டுக் கதவைத் தட்டுவதும் இந்த வயதில்தான். பிள்ளைக்கு 16 வயது நிறைவடையும் ஆண்டின் ஜனவரி 1க்கு முன் எந்த ஏஜென்டும் அணுகக்கூட முடியாது. அதன் பிறகும், உரிமம் பெற்று, சிறாருக்காகப் பணியாற்றத் தனி அனுமதியும் பெற்றவர் மட்டுமே, பெற்றோரின் கையெழுத்தோடு ஒப்பந்தம் செய்யலாம். 13 வயதுப் பிள்ளைக்கு விலையுயர்ந்த காலணி வாங்கித்தரும் "குடும்ப நண்பர்" என்ன வேலை பார்க்கிறார் என்பதை விசாரியுங்கள். ஸ்காலர்ஷிப் நிலையில் ஏஜென்ட் இல்லாமலே நன்றாக இயங்கலாம் என்பது என் கருத்து. கழகங்கள் அந்த நிலையில் தரும் நிபந்தனைகள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை, அதில் பேரம் பேச அதிகம் இல்லை.

17 முதல் 21 வரை

தொழில்முறை ஒப்பந்தத்தில் 17 வயது நிரம்பிய பிறகே கையெழுத்திடலாம். 18 வயதுக்கு உட்பட்டவருக்கு அது மூன்று ஆண்டுகளுக்கு மேல் போகக்கூடாது. 18 வயதுக்கு உட்பட்டோர் லீக், எஃப்ஏ யூத் கப், அதன்பின் 21 வயதுக்கு உட்பட்டோருக்கான பிரீமியர் லீக் 2 என்று ஆட்டங்கள் அமைகின்றன. 2016-17 முதல் பெரிய கழகங்களின் 21 வயது அணிகள் ஈஎஃப்எல் டிராஃபியில் மூத்தவர்களின் அணிகளோடு மோதுகின்றன. முழங்கை இடிக்கும் முப்பத்திரண்டு வயதுத் தடுப்பாட்டக்காரரை அகாடமிப் பிள்ளை முதன்முதலில் சந்திக்கும் இடமாக அது பலருக்கு அமைகிறது.

இந்தக் கட்டத்தில் லோன்தான் உண்மையான பாடம். வாட்கின்ஸ் எக்ஸிட்டரிலிருந்து வெஸ்டன்-சூப்பர்-மேருக்குப் போய் ஆடித் திரும்பினார். லெஸ்டரில் வளர்ந்து, பின்னாளில் 2021இல் எஃப்ஏ கப் வென்ற அணியிலிருந்த ஹம்சா சவுத்ரி, அதற்கு முன் பர்ட்டன் ஆல்பியனில் லோனில் ஆடினார். லோன் வாய்ப்பு வரும்போது கழகத்தின் பெயரையோ லீகின் உயரத்தையோ பார்க்காமல், அங்குள்ள மேலாளர் இவனை உண்மையில் கேட்டாரா, இல்லை ஏற்பாடு மேலிருந்து வந்ததா என்று பாருங்கள். கேட்காத மேலாளரிடம் போனவர் ஜனவரி வரை இருக்கையிலேயே உட்கார்ந்திருப்பார்.

நம்மவரில் இந்தப் பாதையில் வந்தவர் யாருமில்லை என்று சொல்லும் காலம் போய்விட்டது. வட வேல்ஸில் இலங்கைத் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்த விமல் யோகநாதன், பார்ன்ஸ்லியில் ஸ்காலராக இருந்து தொழில்முறை ஒப்பந்தம் பெற்று மூத்த அணிக்கு ஆடியிருக்கிறார். ஆயினும் தெற்காசியப் பிள்ளைகள் அகாடமிகளில் மிகக் குறைவு என்பது உண்மை. அதைச் சரிசெய்வதற்காக 2022இல் பிரீமியர் லீக் தொடங்கிய தெற்காசியச் செயல்திட்டத்தின் கீழ், அடித்தளக் கட்டத்து வயதினருக்கான எமர்ஜிங் டேலண்ட் விழாக்கள் நடத்தப்படுகின்றன. உள்ளூர்க் கழகத்தின் சமூகப் பிரிவிடம் அடுத்தது எங்கே என்று கேட்டால் தகவல் கிடைக்கும்.

விடுவிக்கப்பட்டால்

முதல் வாரத்தில் செய்ய வேண்டியது காகித வேலை. கழகமே வேண்டாம் என்று விடுவித்தால், அடுத்த கழகம் இழப்பீடு எதுவும் தர வேண்டியதில்லை. ஆனால் கழகம் தொடரச் சொல்லி, நீங்கள் மறுத்து வெளியேறினால், பிள்ளையை வளர்த்த ஆண்டுகளுக்கான இழப்பீட்டு உரிமை பழைய கழகத்திடமே நிற்கும். அவனை எடுக்க விரும்பும் சிறிய கழகம் அந்தத் தொகையைக் கேட்டதும் பின்வாங்கிவிடும். இந்த விதி தெரியாமல் கோபத்தில் கடிதம் எழுதிவிட்டு ஒரு பருவம் முழுவதும் பிள்ளையை வீட்டில் வைத்திருக்கும் நிலை வரக்கூடும். வெளியேறுவதற்கு முன், இழப்பீட்டைக் கோரமாட்டோம் என்று கழகத்திடம் எழுத்தில் கேட்டுப் பாருங்கள். சில கழகங்கள் தருகின்றன. அதோடு பிள்ளையின் ஆட்டக் காணொளிகள், மருத்துவக் குறிப்புகள், மதிப்பீட்டு அறிக்கைகள் ஆகியவற்றையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அதன்பின் பிள்ளைக்குச் சில வாரம் விடுங்கள். எட்டு ஆண்டுகள் ஒரே சட்டையை அணிந்தவன் அதைக் கழற்றும்போது நண்பர்கள், நேர அட்டவணை, தன்னைப் பற்றிய எண்ணம் எல்லாம் ஒரே நாளில் போகின்றன. சாப்பிடாமலோ தூங்காமலோ பேசாமலோ இருந்தால் குடும்ப மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். கழகத்தின் நலப் பொறுப்பாளரையும் அழையுங்கள். கிரிஸ்டல் பேலஸ் தான் விடுவித்த இளைஞர்களை மூன்று ஆண்டுகள் வரை தொடர்ந்து கவனிக்கும் திட்டத்தை அமைத்த பிறகு, மற்றக் கழகங்களிடமும் அதைக் கேட்பது எளிதாகியிருக்கிறது. "உங்களிடம் அப்படி என்ன ஏற்பாடு இருக்கிறது" என்று நேராகக் கேளுங்கள். உறவினர் கூட்டங்களில் பிள்ளையின் கால்பந்தைப் பற்றி யாரும் பேச வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவைப்பதும் பெற்றோரின் வேலை.

கால்பந்தைத் தொடர விரும்பினால் வழிகள் உண்டு. பின்னாளில் இங்கிலாந்து அணிக்கு ஆடிய மூவரைப் பாருங்கள். டெக்லன் ரைஸைச் செல்சீ 14 வயதில் விடுவித்தது. அவர் வெஸ்ட்ஹாமுக்குப் போனார். எபரெச்சி எஸே 13 வயதில் ஆர்சனலால் விடுவிக்கப்பட்டு, ஃபுல்ஹாம், ரெடிங், மில்வால் என்று அலைந்து, கியூபிஆரில் நிலைபெற்று, பேலஸ் வழியாக 2025இல் ஆர்சனலுக்கே திரும்பினார். ஜேமி வார்டி 16 வயதில் ஷெஃபீல்ட் வென்ஸ்டேயால் விடுவிக்கப்பட்டு, ஸ்டாக்ஸ்பிரிட்ஜ் பார்க் ஸ்டீல்ஸ் என்னும் சிறிய அணியில் ஆடி, 25 வயதில்தான் லெஸ்டருக்கு வந்தார். இந்தப் பெயர்களைப் பிள்ளையிடம் மந்திரம்போல் ஓத வேண்டாம்; இவர்கள் விதிவிலக்குகள். ஆனால் இவர்கள் சென்ற பாதை எல்லாருக்கும் திறந்திருக்கிறது: ஸ்காலர்ஷிப் முடிந்து ஒப்பந்தம் பெறாதவர்களுக்காக லீக் ஃபுட்பால் எஜுகேஷன் ஆண்டுதோறும் நடத்தும் வெளியேறுவோர் ட்ரையல்கள், நான்காம் தர அகாடமிகள், தொழில்முறை லீகுகளுக்குக் கீழ்நிலையில் இருப்பவையும் கல்லூரியில் படித்துக்கொண்டே ஆடக்கூடியவையுமான லீக் சாராத கழகங்கள். கடைசியில் சொன்ன கழகங்களில் 18 வயதுப் பிள்ளை பெரியவர்களோடு வாரந்தோறும் ஆடுவான். பெரிய அகாடமியின் நான்காவது மாற்று ஆட்டக்காரனாக இருப்பதைவிட அது நல்லது என்பதில் எனக்கு ஐயமில்லை.

அமெரிக்கப் பல்கலைக்கழக வழியும் உண்டு. ஜாக் ஹாரிசன் மான்செஸ்டர் யுனைடெட் அகாடமியை 14 வயதில் தாமாகவே விட்டு அமெரிக்கப் பள்ளிக்குச் சென்று, வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்துக்கு ஆடி, 2016இல் அங்குள்ள தொழில்முறை லீகின் தேர்வில் முதலாவதாக எடுக்கப்பட்டு, பிறகு லீட்ஸ் வழியாகப் பிரீமியர் லீகுக்கே வந்து சேர்ந்தார். இந்த வழிக்குப் பள்ளி மதிப்பெண் தேவை. தொழில்முறை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருந்தால் கல்லூரிப் போட்டிகளில் ஆடும் தகுதி பாதிக்கப்படலாம் என்பதால், 17 வயதில் பேனாவை எடுப்பதற்கு முன்பே இதை யோசிக்க வேண்டும். மைதானத்துக்கு வெளியேயும் வேலை இருக்கிறது: பயிற்றுநர் சான்றிதழ்கள், பிசியோதெரபி, ஆட்டப் பகுப்பாய்வு, லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகத்தில் உள்ளதுபோன்ற கால்பந்து அறிவியல் பட்டங்கள். அகாடமியில் பத்தாண்டு இருந்தவனுக்கு இவற்றில் மற்றவரைவிட முன்னனுபவம் அதிகம்.

வெளிநாட்டில் உள்ள உறவினர் கேட்டால்

பாரிஸிலோ சூரிச்சிலோ சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ இருக்கும் உறவினர், தம் பிள்ளையை இங்கே அகாடமியில் சேர்க்க முடியுமா என்று கேட்பார்கள். 18 வயதுக்கு உட்பட்டவரை நாடு விட்டு நாடு மாற்றிப் பதிவு செய்வதை ஃபிஃபாவின் விதி பொதுவாகத் தடைசெய்கிறது. பெற்றோர் கால்பந்தோடு தொடர்பில்லாத காரணத்துக்காகக் குடிபெயர்வது முக்கியமான விலக்கு. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் 16 முதல் 18 வரையுள்ளோருக்கு இருந்த விலக்கு, பிரெக்ஸிட் முழுமையாக நடைமுறைக்கு வந்த 2021 ஜனவரி முதல் இங்கிலாந்துக் கழகங்களுக்கு இல்லை. ஆகவே பணம் கட்டினால் லண்டன் அகாடமியில் இடம் என்று தமிழ்நாட்டிலோ இலங்கையிலோ யாராவது விளம்பரம் செய்தால், கிடைக்கப்போவது அதிகபட்சம் ஒரு கட்டணப் பயிற்சி முகாம் என்று உறவினரிடம் சொல்லிவிடுங்கள்.

மகளாக இருந்தால்

பெண் பிள்ளைகளுக்கான பாதை தனியானது, இன்னும் உருவாகிக்கொண்டிருப்பது. சிறு வயதில் கழகங்களோடும் மாவட்டக் கால்பந்துச் சங்கங்களோடும் இணைந்த எமர்ஜிங் டேலண்ட் மையங்கள், அதற்கு மேல் தொழில்முறைக் கழகங்களின் புரொஃபெஷனல் கேம் அகாடமிகள் என்று அது செல்கிறது. எமர்ஜிங் டேலண்ட் மையத்தில் இருக்கும் பெண் தன் வழக்கமான வார இறுதி அணியிலும் தொடர்ந்து ஆடலாம் என்பது, அகாடமியில் பதிவான பையனுக்கு இல்லாத ஒரு வசதி. அந்த அணி சிறுவர் அணியாக இருந்தாலும் பரவாயில்லை. விதிகள் அனுமதிக்கும் வயது வரை அங்கேயே விட்டுவையுங்கள்.